டைனோசரின் தொப்புள்

கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எந்த அலுவலகமும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. முதன்முறையாகக் கேட்டபோது ஒரு தொப்புளைப் பற்றிக் கேட்டது.

கடிதத்தைக் கல்லூரி முதல்வர் என் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். 'குழந்தைகள் பூங்காவில் நிறுவப்பட்டுள்ள டைனோசர் உருவத்தின் வயிற்றில் காணப்படும் தொப்புள் – பொதுமக்கள் ஆட்சேபணை – வல்லுநர் கருத்து கோருதல் – தொடர்பாக' என்று இருந்தது. மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் பார்வையிட்டுச் சான்று தர வேண்டுமாம்.

"போய்ப் பாத்துட்டு வந்துடுங்க மேடம். நம்ம காலேஜ் பேரைப் போட்டுக் கேட்டிருக்காங்க" என்றார்.

"தொப்புளையா சார்?"

"அதைத்தானே கேட்டிருக்காங்க."

அந்தப் பூங்கா காரைக்காலிலிருந்து திருவேட்டக்குடி போகும் வழியில், கடலை ஒட்டி இருக்கிறது. நான்கு ஊஞ்சல், இரண்டு சறுக்குமரம், ஒரு டைனோசர். ஊஞ்சல்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டதால் பிள்ளைகள் பெரும்பாலும் டைனோசரின் வாலில்தான் சறுக்கி விளையாடுவார்கள். நான் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதன் வயிற்றை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வல்லுநர் என்று எழுதிவிட்டார்களே என்று அன்றைக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். தொப்புளைப் பார்க்கப் பூதக்கண்ணாடி எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எடுத்துப் போயிருக்க மாட்டேன், ஏனென்றால் அந்தத் தொப்புள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது.

டைனோசர் மூன்று ஆள் உயரம். பச்சை நிறம். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கைகள் இரண்டையும் ஆசீர்வாதம் செய்கிற வாக்கில் நீட்டியிருந்தது. பற்கள் எல்லாம் ஒரே அளவில் பல்செட் கட்டியது போல இருந்தன. முகத்தில் கோபமே இல்லை. வயிறு மட்டும் நன்றாகச் சாப்பிட்ட மனிதரின் வயிறு போல உருண்டு, நடுவில் ஆழமான ஒரு வட்டக் குழியோடு இருந்தது.

எனக்காக அங்கே மூன்று பேர் காத்திருந்தார்கள். பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்தின் சூப்பிரண்டு அம்மா, கையில் கோப்போடு. உருவத்தைச் செய்த கொத்தனார், கைகளைக் கட்டிக்கொண்டு. ஆட்சேபணை மனு கொடுத்தவர், டைனோசருக்கு நேர் எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில், அது அவருடைய வழக்கமான இடம் என்பது தெரியும்படி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

மனுதாரர் குரும்பகரத்துக்காரர். நில அளவையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சர்வேயர் என்றே கூப்பிட்டார்கள். மகன் வீடு இந்தப் பக்கம் இருப்பதால் பாதி நாள் இங்கே தங்குவாராம். காலை நடை முடிந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே டைனோசரின் வயிறுதான். நாற்பது நாள் பார்த்திருக்கிறார். நாற்பத்தோராம் நாள் மனு எழுதிவிட்டார். அளந்து எழுதியிருந்தார்: தரையிலிருந்து எட்டடி உயரத்தில், கிழக்கு நோக்கிய வயிற்றின் மையத்தில், பத்து அங்குல விட்டமும் மூன்று அங்குல ஆழமும் உள்ள தொப்புள். எட்டடி உயரத்தை எப்படி அளந்தார் என்று கேட்டேன்.

"வால் பக்கமா ஏறினேங்க" என்றார்.

கொத்தனாருக்குத்தான் மனத்தாங்கல். காரைக்கால் டவுனைச் சேர்ந்த கத்தோலிக்கர். மாதாவுக்குக் குகை போலக் கெபி கட்டுவது, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு, மாடு, ஒட்டகம் செய்வது, மாடி வீடுகளின் தண்ணீர்த் தொட்டியைத் தாமரையாகவோ கால்பந்தாகவோ மாற்றுவது எல்லாம் அவர் வேலை.

"எனக்குக் குடுத்தது ஒரே ஒரு படம் மேடம். அதுல அது சைடுல நிக்குது. வயித்தை யாரு பாத்தா? வயிறுன்னு ஒண்ணு இருந்தா நடுவுல ஒரு குழி வேணும். இல்லன்னா அது வயிறு இல்ல, செவுரு. நான் ரெக்கை வச்சுச் செஞ்ச சம்மனசுக்கெல்லாம் தொப்புள் வச்சிருக்கேன். மேல ஆகாசத்துலேர்ந்து வர்ற சம்மனசுக்கே வச்சேன், சாமியார்கூட ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"சம்மனசைப் பத்தி நான் மனு குடுக்கலையே" என்றார் சர்வேயர். "இது முட்டையிலேர்ந்து வந்தது. முட்டைக்குள்ள ஏதுங்க தொப்புள்கொடி? புள்ளைங்க பாத்துட்டு என்ன படிக்கும்? நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கடலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் இருந்த விலங்கியல் முழுவதும் எழுந்து நின்றது. தாயின் கருப்பையில் வளர்கிற குட்டிக்குத்தான் நஞ்சுக்கொடி, அந்தக் கொடி அறுந்த தழும்புதான் தொப்புள், முட்டையிடும் உயிரிடம் அதற்கு வேலையே இல்லை என்று கால் மணி நேரம் பேசினேன். முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ் வரைக்கும் போய்விட்டு வந்தேன். சர்வேயர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

சூப்பிரண்டு அம்மா கோப்பை என் முன்னால் நீட்டினார். அதன் மேலேயே வைத்து எழுதினேன்: 'டைனோசர் முட்டையிடும் உயிரினமாதலால் அதற்குத் தொப்புள் இருக்க வாய்ப்பில்லை. மேற்படி தொப்புளை நீக்குவது அறிவியலுக்கு உகந்தது.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

நான்கே நாளில் தொப்புளை மூடிவிட்டார்கள். அலுவலக வேலை இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் புதிதாகப் பூசிய சிமெண்ட் பழைய உடம்போடு ஒட்டவில்லை. மேலே அடித்த பச்சையும் பழைய பச்சை இல்லை. வெயிலில் வெளுத்த டைனோசரின் வயிற்றில், தளதளவென்று வாழைக்குருத்து நிறத்தில் ஒரு வட்டம். முன்பு பெஞ்சில் உட்கார்ந்தால்தான் தெரிந்த இடம், இப்போது பேருந்தில் போகிறவர்களுக்கும் தெரிந்தது. ஆபரேஷன் டைனோசர் என்று பேர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் குடும்பத்தோடு வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுண்டல் விற்கிற அம்மா வண்டியைச் சறுக்குமரத்திடமிருந்து நகர்த்தி டைனோசரிடம் கொண்டுவந்துவிட்டார். குடல்வாலை எடுத்துவிட்டார்கள் என்று சிலரும், கல் எடுத்தார்கள் என்று சிலரும் சொன்னதாக என் மாணவிகள் வந்து சொன்னார்கள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஊரே பேசுகிற ஒரு விஷயத்துக்கு அடியில் என் கையெழுத்து இருந்தது.

என் கணவர் அம்பகரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறார். பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சுகளையும் வாங்கி விற்பார். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டுகளில் அவை காலையில் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கும். கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றாக எடுத்து, மல்லாத்தி, வயிற்றுப் பக்கம் ஊதிப் பார்த்துவிட்டு வேறு தட்டில் விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படி ஊதுவதைப் பார்த்துக்கொண்டுதான் நான் காபி குடிக்கிறேன்.

அன்றைக்கும் ஊதிக்கொண்டே கேட்டார்: "ஏதோ தொப்புள் கேஸுன்னு சொன்னியே, என்ன ஆச்சு?"

"முடிச்சாச்சு. முட்டையிலேர்ந்து வர்றதுக்குத் தொப்புள் கெடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

ஊதுவதை நிறுத்தினார். கையில் குஞ்சு மல்லாந்தபடியே கிடந்தது.

"அப்ப நான் தெனம் பாக்குறது என்ன?"

"எது?"

"இந்தா" என்று குஞ்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மஞ்சள் மென்தூவியை ஊதி விலக்கினார். இளஞ்சிவப்புத் தோலில், கடுகு அளவில், காய்ந்துபோன ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. "இது தொப்புள் இல்லாம வேற என்ன? இது காயாத குஞ்சை வாங்கினா சீழ் புடிச்சு ரெண்டே நாள்ல செத்துப்போகும். அதுக்குத்தானே ஊதி ஊதிப் பாக்குறேன்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் நான் வரைகிற படம் அது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு, அதன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருப் பை. பொரிக்கும் நாள் நெருங்கும்போது அந்தப் பை குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படும் என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவிகளும் எழுதி மதிப்பெண் வாங்கிப் போகிறார்கள். எந்த வழியாக உள்ளே போனது, போன பிறகு அந்த வழி எப்படி மூடிக்கொண்டது என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஏங்க, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பெரிய படிப்பு படிச்சவ. உனக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நெனைப்பேன்?" என்று சொல்லிவிட்டு அடுத்த குஞ்சை எடுத்தார்.

அன்றைக்குக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். கோழிக்கு இருந்தால் டைனோசருக்கு இருந்திருக்கும் என்பது ஊகம்தான், எலும்பை வைத்து அதை நிரூபிக்க முடியாது என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. தொப்புள் என்பது வெறும் தோல். தோல் அழுகிப் போகும், எலும்புதான் கல்லாகும். நான் படித்த காலத்தில் டைனோசர் என்றால் எலும்புக்கூடு, அவ்வளவுதான்.

அந்த நப்பாசை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சீனாவில் கிடைத்த ஒரு புதைபடிவம். கிளிமூக்கு மாதிரி அலகு உள்ள, செடி தின்கிற சின்ன டைனோசர். மல்லாந்து செத்து, நைசான வண்டலில் புதைந்து, எலும்பைச் சுற்றித் தோலும் அப்படியே கல்லில் தங்கியிருக்கிறது. செதில் செதிலாக எண்ணலாம். அதன் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் தோல் இருந்த இடம் தனியாக ஒளிர்கிறதாம். அப்படிப் பார்த்தபோது, வயிற்றின் நடுக்கோட்டில், மற்றச் செதில்களிலிருந்து வேறுபட்ட செதில்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்ட, நீளவாக்கில் ஒரு தழும்பு. மஞ்சள்கருப் பை உள்ளே போன வாசல் மூடிய இடம்.

டைனோசரின் தொப்புள். படத்தோடு போட்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வெட்கம் போய் வேறு ஏதோ வந்தது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஒரு முட்டையிலிருந்து வெளியே வந்த ஒன்றின் வயிற்றில், அது முட்டைக்குள் இருந்ததற்கான அடையாளம் இன்னும் இருக்கிறது. நாங்கள் பத்து அங்குலச் சிமெண்டை வைத்து அடைத்தது அதைத்தான்.

அலுவலகத்துக்குப் போனேன். சூப்பிரண்டு அம்மா உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இப்ப என்ன மேடம் செய்யணும்ங்கிறீங்க?"

"நான் குடுத்த சான்றை வாபஸ் வாங்கிக்கிறேன். தொப்புளைத் திரும்பத் திறந்துடலாம்."

"அது முடியாதுங்களே. தொப்புளையும் மூடியாச்சு, ஃபைலையும் மூடியாச்சு. மனுதாரருக்கு நடவடிக்கை எடுத்தாச்சுன்னு பதில் போயிடுச்சு. அவரும் திருப்தின்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஆட்சேபணை இல்லாம நான் எப்படிங்க மறுபடி திறக்க முடியும்?"

"ஆட்சேபணை எனக்கு இருக்கே."

"நீங்க வல்லுநர் மேடம். வல்லுநருக்கு ஆட்சேபணை இருக்கக் கூடாது."

வேறு வழியில்லாமல் குரும்பகரத்துக்குப் பேருந்து ஏறினேன். வயல்களில் நடவு முடிந்திருந்தது. சர்வேயர் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை, மனு சர்வேயர் வீடு என்று கேட்டால் கைகாட்டினார்கள். அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க வாங்க, நம்ம ஜெயிச்சிட்டோம்ல?" என்றார்.

ஜெயிக்கவில்லை என்று சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. கோழிக்குஞ்சில் தொடங்கிப் புதைபடிவத்துக்கு வந்தேன். கைபேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தோல் எப்படிங்க நிக்கும்? செத்த மாடு நாலு நாள்ல என்ன ஆவுதுன்னு நான் பாத்திருக்கேன்."

"சேறு சட்டுனு மூடிடணும். காத்துப் போகக் கூடாது. அப்புறம் மண்ணுல இருக்குற தாது கொஞ்சம் கொஞ்சமா ஏறி, தோல் இருந்த மாதிரியே பதிஞ்சு நிக்கும். லட்சத்துல ஒண்ணுதான் அப்படிக் கெடைக்கும். சிலதுல நிறத்துக்குக் காரணமான துகள்கூட இருக்கு. அதை வச்சு முதுகு பழுப்பு, வயிறு வெளுப்புன்னு சொல்றாங்க. ஒண்ணுக்கு மண்டையில சேவல் மாதிரி சதைக்கொண்டை. வெறும் எலும்பை வச்சு அதெல்லாம் தெரிஞ்சிருக்கவே முடியாது. சில எலும்பை அமிலத்துல ஊறவச்சுக் கரைச்சா, ரத்தக்குழாய் மாதிரி வளையுற இழை மிஞ்சுதாம். அது நெஜமாவே அந்தக் காலத்துச் சதையா, பிற்பாடு பாக்டீரியா கட்டினதான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

சர்வேயர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நான் குடுத்த மனு தப்பு."

"தப்புதாங்க. நான் குடுத்த சான்று அதைவிடத் தப்பு."

எழுந்து உள்ளே போனார். மனசு நொந்துவிட்டாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. நான்கு வெள்ளைத் தாளும் பேனாவும் அட்டையுமாகத் திரும்பி வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"விடக் கூடாதுங்க" என்றார்.

"யாரை?"

"உங்களைத்தான்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தொப்புள் இருந்ததற்கு ஆட்சேபித்தவர், தொப்புளை மூடியதற்கும் ஆட்சேபிக்கலாம். எந்த அடிப்படையில் மூடினார்கள்? என் சான்றின் அடிப்படையில். ஆகவே மனு என் மேல். அது உள்ளே போனால் அலுவலகம் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

என் மேல் கொடுக்க வேண்டிய மனுவை நானும் அவரும் சேர்ந்து எழுதினோம். 'மேற்படி பேராசிரியை பொறுப்பற்ற முறையில்' என்று ஆரம்பித்தார்.

"பொறுப்பற்றன்னு போடாதீங்க. 'அவசரப்பட்டு'ன்னு போடலாம்."

"அவசரப்பட்டுன்னா அலட்சியமா விட்டுடுவாங்க. பொறுப்பற்றதுதாங்க நிக்கும்."

"என் வேலைக்கு ஏதாவது வந்துட்டா?"

"வராதுங்க. வந்தா அதுக்கும் ஒரு மனு இருக்கு."

பொறுப்பற்ற என்பதே நின்றது. அதற்குப் பதிலாக, என்னுடைய கல்வித் தகுதிகளைச் சரியாகப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவருடைய மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்து, "எதுக்கும்மா நீங்களே உங்க மேல எழுதிக் குடுக்குறீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. டைனோசருக்காக என்று சொன்னேன். உள்ளே போகிறவரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டு வாரத்தில் முதல்வர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை, நேராகவே சிரித்தார். 'பேராசிரியை அளித்த தவறான சான்று குறித்துப் புகார் வரப்பெற்றுள்ளது. இப்புகாரில் உண்மை உள்ளதா என்பது பற்றி வல்லுநர் கருத்து கோரப்படுகிறது.' வல்லுநர் என்ற இடத்தில் என் பெயர்.

"உங்க மேல வந்த புகாருக்கு உங்க கிட்டயே கேட்டிருக்காங்க மேடம்."

"இந்த ஊர்ல டைனோசருக்கு வேற ஆள் இல்ல சார்."

புகாரில் முழு உண்மை இருப்பதாகவும், மேற்படி பேராசிரியை பொறுப்பற்ற முறையில் நடந்துகொண்டதாகவும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுபடி அதே நான்கு பேரும் டைனோசரின் கீழே கூடினோம். வேடிக்கை பார்க்கச் சுண்டல் அம்மாவும் வண்டியோடு பக்கத்தில் வந்துவிட்டார். திறந்துவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

"அந்தக் கல்லுல இருக்குறது கிளிமூக்கு ஜாதின்னீங்க. இதுக்குப் பல்லு இருக்கே. இது வேற இனம் இல்லையா?" என்றார் சர்வேயர். அவர் சும்மா இருப்பார் என்று நான் நினைத்தது என் தவறு.

"முட்டையிலேர்ந்து வர்ற எல்லாத்துக்கும் பொறந்தப்ப இருக்கும். வளந்த பிறகு சிலதுக்கு மறைஞ்சுடும், சிலதுக்கு நிக்கும். கோழிக்கு மறைஞ்சுடுது. அந்த டைனோசருக்குப் பெருசாகுற வரைக்கும் இருந்திருக்கு."

சூப்பிரண்டு அம்மா பேனாவைத் திறந்தார். "அப்ப இதுக்கு என்ன வயசு மேடம்?"

"சிமெண்டுக்கா?"

"டைனோசருக்கு. வளந்ததுன்னா தொப்புள் இருக்குமோ இருக்காதோ சந்தேகம்ங்கிறீங்க. சந்தேகத்தை நான் ஃபைல்ல எழுத முடியாது. சின்னதுன்னா உறுதியா இருக்கும். ஆமாவா?"

"ஆமா."

"அப்ப இது சின்னது" என்று எழுதிக்கொண்டார்.

நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மூன்று ஆள் உயரத்தில் நின்றது சின்னது.

பெயர்ப் பலகையையும் மாற்ற வேண்டும் என்று ஆனது. 'டைனோசர் குட்டி' என்று போடலாம் என்றார் சூப்பிரண்டு அம்மா. குட்டி போடுகிற விலங்குக்குத்தான் குட்டி, முட்டையிலிருந்து வருவது குஞ்சு, குட்டி என்று போட்டால் தான் மறுபடி மனு கொடுக்க நேரும் என்றார் சர்வேயர். கொத்தனார் தலையைச் சொறிந்தார். "குஞ்சே இந்த சைஸுன்னா தாய் எங்கன்னு கேப்பாங்க. அதையும் நான்தான் கட்டணும்" என்றார். அவர் பயத்தோடு சொன்னாரா ஆசையோடு சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

'டைனோசர் குஞ்சு' என்பது முடிவானது.

கடைசியாக, வட்டமா நீளமா என்ற கேள்வி. கல்லில் இருப்பது நீளத் தழும்பு என்று நான் படத்தைக் காட்டினேன். கொத்தனாருக்கு அது பிடிக்கவே இல்லை. "வெட்டுக்காயம் மாதிரி இருக்கும் மேடம். இப்பவே ஆபரேஷன்னு சொல்றாங்க, தையல் பிரிஞ்சுபோச்சுன்னு சொல்லுவாங்க." ஆனாலும் சாரத்தில் ஏறி, உளியால் அந்த வாழைக்குருத்துப் பச்சையை உடைத்துத் தள்ளி, ஒரு முழ நீளத்துக்குக் கீறி, இரண்டு பக்கமும் செதில் வரிசையைக் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க எடுக்க அவருக்கு அதில் ருசி வந்துவிட்டது. இரண்டு நாள் வேலை. முடிந்த பிறகு பார்த்தால், அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் அது உண்மையிலேயே உயிரோடிருந்த ஏதோ ஒன்றின் உடம்பு மாதிரி இருந்தது. முழுதும் மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். முதுகு பழுப்பாக இருந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பச்சையே அடித்தார்கள்.

சர்வேயருக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதாகப் பதில் போனது. என் மேல் வந்த புகார் நிரூபிக்கப்பட்டதாகவும், வருங்காலத்தில் டைனோசர்கள் விஷயத்தில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்படுவதாகவும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதைக் கணவரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "நியாயமாத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

மாதம் ஒன்று போயிருக்கும். கொத்தனார் வீட்டுக்கு வந்தார். குஞ்சு வாங்க வந்ததாகச் சொன்னார். கணவர் தட்டுகளை எடுத்து வைத்தும் அவர் குஞ்சைப் பார்க்கவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"இவ்ளோ பெரிய உடம்பு கட்டியிருக்கேன். தின்னுறதுக்கு வாயி வச்சிருக்கேன். பின்னாடி ஒண்ணுமே வைக்கலையே. அது எப்படி மேடம் போகும்? நெனைச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

கணவர் குஞ்சுத் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

அவர் கேட்டதற்கும் விடை இருந்தது. அதே புதைபடிவத்தில், வாலுக்கு அடியில், அதுவும் தோலோடு தங்கியிருக்கிறது. கழிவு போக, முட்டையிட, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே துவாரம், கோழிக்கும் முதலைக்கும் இருப்பது போல. இரண்டு பக்கமும் உதடு போல மடிப்பு. அந்த மடிப்பில் கருமை அதிகம். அந்தக் கருமை ஜோடிக்குக் காட்டுவதற்காக இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதம் பீரோவில் இருந்தது. ஆனால் அவர் கேட்டது கோப்புக்காக இல்லை. மனிதர் நிஜமாகவே வருத்தத்தில் இருந்தார். கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, மடிப்புகளை ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"கறுப்புதானா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"கறுப்பு வீட்டுல மிச்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். குஞ்சு வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவுக்குப் போனேன். முன்பக்கம் நல்ல கூட்டம். வாலின் பக்கமாகச் சுற்றிப் போய், அதன் அடியில் குனிந்து நுழைந்து பார்த்தேன். செய்திருந்தார். மடிப்பு, கருமை, செதில்கள் விலகிச் செல்லும் வாட்டம் எல்லாம் படத்தில் இருந்தபடியே. அந்த உருவம் முழுவதிலும் அறிவியல்படி இத்தனை பிசகில்லாமல் இருந்த இடம் வேறு இல்லை. கைப்பையில் பூதக்கண்ணாடி இருந்தது. எடுத்து வைத்து, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையும், நான் பார்க்கிற இடத்தையும், மறுபடி என்னையும் பார்த்தார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊஞ்சல் பக்கம் வேகமாகப் போனார்.